காற்று மெத்தைக்குப் பொறுப்பாளர்

பிரிண்டர் தாளின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஓட்டை வரிசையை சாஜிதா கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிசிறு இல்லாமல் கிழிப்பாள். பதினோரு நாளாக அந்தத் தாளில் ஒரே வாசகம்தான் வந்தது. ‘உபகரணம் பொதுவகை. இப்பெயரில் எதுவும் வழங்க இயலாது.’ கிழித்து, மடித்து, துளை போட்டு ஃபைலில் சேர்த்துவிடுவாள். ஃபைல் சுத்தமாக இருந்தது.

அந்த வாசகத்தை எழுதியவளும் அவள்தான்.

உத்தமபாளையத்துப் பெண். எம்.சி.ஏ. படித்து, சென்னையில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தேனிக்கு வந்து, அல்லிநகரத்தில் ஒரு அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் படுத்துக் கிடக்கும் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாடகை இல்லாமல் கொடுக்கும் அறக்கட்டளை. 2008-இல் கம்பம், கூடலூர் கிளைகளுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் கம்ப்யூட்டர்கள் தேனி கம்ப்யூட்டரிடம் பொருள் கேட்டுப் பதில் வாங்குவதற்கு ஏபிஐ என்று ஒரு வழி செய்து கொடுத்தாள். எப்படிக் கேட்டால் செல்லும், எப்படிக் கேட்டால் செல்லாது என்கிற சட்டத்துக்கு ஸ்கீமா என்று பேர். அதையும் அவளே எழுதினாள்.

எல்லாப் பொருளுக்கும் எண் உண்டு, ஊர் உண்டு, கொடுத்த தேதி உண்டு. அதை ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதுவானேன் என்று, ‘உபகரணம்’ என்று மேலே ஒரு பொதுவகை வைத்தாள். கட்டில், நாற்காலி, சிலிண்டர் மூன்றும் அதன் கீழே. பொதுவகை பேருக்குத்தான், அந்தப் பேரில் தூக்கிக் கொடுக்க உலகத்தில் சாமான் கிடையாது. யாராவது சோம்பேறித்தனமாக ‘உபகரணம் ஒன்று’ என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடும். சரியான ஏற்பாடு. கமிட்டி அவளைப் பாராட்டியது; புரிந்ததால் அல்ல.

வினை காற்று மெத்தை ரூபத்தில் வந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்க, மோட்டார் பம்ப் வைத்துக் காற்று ஏற்றும் மெத்தை. யாரோ ஒரு புண்ணியவான் மூன்று அனுப்பியிருந்தார். ஒவ்வொரு வகைக்கும் கமிட்டியில் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் பேர் வழங்கு சீட்டில் தடித்த எழுத்தில் வரும். கட்டிலுக்கு ஜவுளிக்கடை சேக் பரீத். சிலிண்டருக்கு மோட்டார் கடை முத்துக்கருப்பன்.

“மெத்தைன்னா கட்டிலோட சேர்ந்ததும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் சேக் பரீத்.

“மோட்டாரக் கழட்டிட்டா அது வெறும் பை. மோட்டாரு யாரு இலாகா?” என்றார் முத்துக்கருப்பன்.

“ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்,” என்றாள் சாஜிதா. பெரிய மனிதர்கள் இருவரும் முகம் மலர்ந்து காப்பி குடித்துப் போனார்கள். இவள் மெத்தைக்கென்று தனிவகை எதுவும் வைக்காமல், கிளைகளின் பட்டியலில் ‘உபகரணம்’ என்பதையும் ஒரு தேர்வாகச் சேர்த்து, மெத்தை வேண்டுவோர் அதைத் தொடட்டும் என்று விட்டாள். ஸ்கீமா மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை; ‘உபகரணம்’ என்று வந்ததையெல்லாம் திருப்பி அனுப்பியது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கூடலூரிலிருந்து ராக்கம்மாள் வந்து இறங்கினாள். புருஷன் சின்னச்சாமி வாதம் வந்து ஏழு மாதமாகப் படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

“கூடலூர்ல மெத்தைக்கு எழுதி அனுப்பிச்சிட்டோம்றாக. இங்கன வரலைன்றாக. நடுவுல எங்க நிக்குது ஆத்தா?”

“உபகரணம்னு கேட்டிருக்காங்கம்மா. அது பொதுப்பேரு. அந்தப் பேர்ல குடுக்க முடியாது.”

“அதத் தொடச் சொன்னது யாரு?”

சாஜிதா கையிலிருந்த தாளை மடித்தாள்.

“கடையில போயி பலகாரம் ரெண்டு குடுன்னா குடுப்பானா? வடையா, பஜ்ஜியான்னு கேப்பான்ல? உன் மிசினு அதக்கூட கேக்காம திருப்பி அனுப்புது. நீயும் மடிச்சு மடிச்சு வச்சிருக்க.” ஃபைலைப் பார்த்தாள். “இடுப்புக்குக் கீழ மொதல்ல சிவந்துச்சு. அமுக்குனா வெளுக்கல. முந்தாநேத்து தோலு வழண்டுருச்சு. ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டிப் போடுறேன். எனக்கும் ஒரு முதுகுதான் இருக்கு.”

குடோன்காரர் வீரணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மூணும் உள்ளதாம்மா கெடக்கு. சீட்டு வந்தா இப்பவே தூக்கித் தர்றேன். சீட்டு இல்லாமக் குடுத்தா என் வேலை போயிரும்.”

சாஜிதா இரண்டு பேருக்கும் போன் போட்டாள். “இருபதாம் தேதி மீட்டிங்ல பேசிக்கலாம், அதுவரை எதையும் மாத்திராத,” என்றார் சேக் பரீத். முத்துக்கருப்பனும் வார்த்தை பிசகாமல் அதையே சொன்னார். மெத்தை வந்த நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். தோல் வழன்ற இடம் ஒன்பது நாளில் குழியாகும். அது ராக்கம்மாளுக்குத் தெரியும். அன்று சாஜிதாவுக்கும் தெரிந்தது.

“நாளைக்குக் காலையில மெத்தை வீட்டுக்கு வந்துரும்மா,” என்றாள் சாஜிதா.

“வந்தா பாக்குறேன்,” என்று ராக்கம்மாள் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். புரட்டுகிற நேரம் தவறியிருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கே சாஜிதா அலுவலகத்தைத் திறந்தாள். உபகரணத்தின் கீழே, கட்டிலோடும் சேர்க்காமல் சிலிண்டரோடும் சேர்க்காமல், ‘காற்று மெத்தை’ என்று நாலாவது வகை எழுதினாள். பொறுப்பாளர் இடத்தைக் காலியாக விட ஸ்கீமா சம்மதிக்காது. ‘சாஜிதா’ என்று போட்டாள். கிளைகளின் பட்டியலிலிருந்து ‘உபகரணம்’ என்ற தேர்வை எடுத்தாள். கூடலூருக்குப் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொன்னாள். சீட்டு வந்தது.

வீரணன் சீட்டை இரண்டு தரம் வாசித்தார். “பொறுப்பாளர் நீங்களா? கமிட்டி கேட்டா?”

“கேக்கட்டும். மோட்டார் ஓடுதான்னு பாத்துக் கட்டுங்க.”

மெத்தையை பஸ்ஸில் போட்டு, பம்பை மடியில் வைத்துக்கொண்டு அவளே கூடலூர் போனாள். பத்தே முக்காலுக்கு சின்னச்சாமியின் தோளை அவள் பிடிக்க, இடுப்பை ராக்கம்மாள் பிடிக்க, ஒருக்களித்துப் புரட்டி மெத்தையை விரித்தார்கள். பம்ப் முனகத் தொடங்கியது. காற்று நிறைந்ததும் ராக்கம்மாள் மெத்தைக்கு அடியில் கையை விட்டு, அவர் இடுப்பு தட்டுகிறதா என்று பார்த்தாள். தட்டவில்லை.

“கரண்டு போனா?”

“காத்து எறங்கிரும். பழையபடி பொரட்டணும்.”

“கரண்டு இருந்தாலும் பொரட்டணும்,” என்றாள் ராக்கம்மாள், கையை எடுத்துக்கொண்டு.