பேர்கனுக்குப் போகாத மதுரா

மொழிபெயர்ப்பாளர் வேலையில் வாய் வலிக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு வலித்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்களில்தான். ஒஸ்லோப் பள்ளிக்கூடங்களுக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் நடுவில் இருபது வருடமாகக் கதைக்கிறேன். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், புத்தி சொல்லக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது. இந்த விதிகளோடு மாரடிக்கும் தொழில் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? அதனால் பெயர்களையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரென்று கண்டுபிடித்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

ரயில் சத்தம்

ஒன்பது வயது மதுரா நாலு நாளாக வகுப்புக்கு வரவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்துப் பெண் அவளுடைய தாய்க்குத் தொலைபேசி எடுத்தார். மூன்றாவது ஆளாக நான் இணைப்பில் இருந்தேன். "நாங்கள் பேர்கனுக்கு வீடு மாறிப் போட்டம்" என்றார் தாய் சுகந்தி. அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, சுகந்தியின் பக்கத்தில் ரயில் அறிவிப்பு கணீரென்று கேட்டது: அடுத்த நிலையம் ரொம்மன்.

ரொம்மன் இருப்பது ஒஸ்லோவில். பேர்கனோ நாட்டின் மறு கரையில். அறிவிப்பு நோர்வேஜிய மொழியிலேயே வந்ததால் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. இனித் திட்டு விழப்போகிறது, அதையும் நான்தான் தமிழில் திட்ட வேண்டும் என்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அலுவலகப் பெண் தொண்டையைச் செருமினார். "பேர்கனில் மழை அதிகம். மதுராவின் மழைச்சட்டை இங்கே கொக்கியில் தொங்குகிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

குரலால் வந்த வினை

அந்தச் சனிக்கிழமை ரொம்மனில் உள்ள தமிழ்க் கடையில், "முருங்கைக்காய் வந்திட்டுதோ?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண் திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தை அவர் கண்டதில்லை; குரலை மறக்கவில்லை. அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் ஆள் சுகந்திதான் என்று எனக்கும் விளங்கிவிட்டது. என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "அக்கா, எங்கடை அகதி விண்ணப்பத்துக்கு இல்லையெண்டு கடிதம் வந்திட்டுது. இப்ப பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிறாங்களாம். பள்ளிக்கூடத்திலை விலாசம் எடுத்துக்கொண்டுதான் பொலிஸ் வீட்டுக்கு வருமாம். அதுதான் பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறன்."

யாரோ கதை கட்டியிருக்கிறார்கள், பிள்ளையை அனுப்பு என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் சட்டத்தரணி இல்லை. நான் பிழையாகச் சொல்லி ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டால்? "அதைப் பள்ளிக்கூட அதிபரிட்டையே கேளுங்கோ. நீங்கள் கேக்கிறதை ஒரு சொல்லும் விடாமல் நான் சொல்லுவன்" என்றேன். அப்போது மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டி முகம் எட்டிப் பார்த்தது. "அன்ரி, எங்கடை வகுப்புப் பிள்ளையள் நீச்சலுக்குப் போகத் தொடங்கிட்டினமோ?"

அதிபரிடம் ஒரு கேள்வி

அடுத்த கிழமை சுகந்தி மழைச்சட்டையை எடுக்கிற சாட்டில் பள்ளிக்கூடம் வந்தார், மொழிபெயர்க்க நான்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. அதிபர் வைத்த கோப்பியை அவர் தொடவில்லை. "பொலிஸ் வந்து கேட்டால் என்ரை பிள்ளையைக் காட்டிக் குடுப்பியளோ?" என்று நேரே கேட்டுவிட்டார். அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அதிபர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்கள் விண்ணப்பம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி வாக்குத் தர முடியாது. ஆனால் இந்த நாட்டில் இருக்கும் கடைசி நாள் வரைக்கும் இங்கே படிப்பது மதுராவின் உரிமை. நாங்களாகப் போய் அவள் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுக்க மாட்டோம், அதை வெளியே விடாமல் காப்பது எங்கள் கடமை. யாராவது கேட்டு வந்தால், சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் நான் வாய் திறக்க மாட்டேன்" என்றார். சுகந்தி இரண்டு தரம் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு ஆறிப்போன கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார். "பிள்ளை புத்தகப் பையோடை வெளியிலைதான் நிக்கிறாள், இப்பவே கூட்டிக்கொண்டு வரட்டோ?"

முறைப்பாடு

வசந்தத்தில் பெற்றோர் சந்திப்புக்கு என்னை மறுபடி அழைத்தார்கள். விண்ணப்பத்தை மறுத்ததற்கு எதிராகச் சுகந்தி போட்ட மேன்முறையீட்டுக்கு அதுவரை பதில் வரவில்லை. வகுப்பாசிரியை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முறைப்பாட்டைத் தொடங்கினார்: மதுரா படிப்பில் பரவாயில்லை, ஆனால் ஓயாமல் கதைக்கிறாள், பக்கத்துப் பிள்ளையின் படிப்பும் கெடுகிறது, வீட்டில் கண்டித்து வையுங்கள். கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

சுகந்தி அழத் தொடங்கினார். ஆசிரியை பதறிப்போய், அவ்வளவு பெரிய குற்றம் இல்லை என்று காகிதக் கைக்குட்டையை நீட்டினார். எனக்கும் கண் கலங்கியது, விதியாவது மண்ணாவது. நாளைக்கு என்ன கடிதம் வருமோ, அந்தப் பிள்ளை இன்றைக்கு மற்றப் பிள்ளைகளைப் போல ஏச்சு வாங்குகிறாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுகந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரீச்சர், ரெண்டு கிழமையாய் வீட்டுக்குள்ளை மூச்சுக் காட்டாமல் இருந்த பிள்ளை, கொஞ்சம் கதைக்கட்டும்."

இருபது வருடமாக நான் மொழிபெயர்த்த நல்ல செய்திகளுக்கெல்லாம் வெறும் "சரி"தான் கிடைத்தது, ஒரு தாய் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியது இந்த ஒரு முறைப்பாட்டுக்குத்தான்.