மேடை ஏறிய அரக்குச் சேலை

மேடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பவுடர் வாசனைதான். வியர்வையோடு கலந்த பவுடர்... மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டும் புகை வரும். அதனால் மூடியே வைத்திருப்போம்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளி. நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மலாய் நாடகம் தயாரானது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அக்கா, ஒரு சீன அக்கா, ஒரு தமிழ் அக்கா. தீபாவளியன்று சண்டை வரும், வெள்ளம் வரும், கடைசியில் ஒன்று சேருவார்கள். அப்போதெல்லாம் பள்ளி நாடகம் என்றால் இப்படித்தான்.

தமிழ் அக்காவாக கஸ்தூரியை எடுத்தோம். நான்காம் படிவம், பதினாறு வயது. சுங்கை பினாங் ஃபிளாட்டில் இருந்து வருகிற பிள்ளை. நல்ல கருப்பு. குரல்... மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போகும். "யார் வாசல்ல குப்பையைக் கொட்டுற?" என்று அவள் மலாயில் அதட்டினால், ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள் நிஜமாகவே திரும்பிப் பார்ப்பார்கள்.

நல்ல சேலை ஒன்று வேண்டும் என்றோம். மறுநாளே அம்மாவின் கல்யாணச் சேலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை.

"அம்மா இத யாருக்கும் தரமாட்டாங்க டீச்சர். நான் கட்டப்போறேன்னதும் எடுத்துக் குடுத்துட்டாங்க."

விழாவுக்குச் சில நாள் முன்பு நாடகப் பொறுப்பாசிரியர் ஒத்திகைக்கு வந்தார். அவரும் நம்ம ஆள்தான். தமிழர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தச் சேலைய மெய் லிங்குக்குக் கட்டிப் பாருங்க டீச்சர்." மெய் லிங் நாடகத்தில் கூட்டத்தோடு நிற்கிற சீனப் பிள்ளை. நல்ல வெள்ளை.

"அது தமிழ் அக்கா வேஷம் சார். கஸ்தூரி நல்லா செய்றாளே?"

"தெரியும்லா. ஈத்தாம் மானிஸ்... நான் ஒன்னும் குறை சொல்லல. ஆனா லைட்டு போட்டா பல்லு மட்டும்தான் தெரியும். சீஃப் கெஸ்ட்டா டத்தோ வராரு, போட்டோவெல்லாம் எடுப்பாங்க."

ஈத்தாம் மானிஸ். கருப்பாக இருந்தாலும் இனிமையானவள் என்று மலாயில் பாராட்டிச் சொல்வது. அதைச் சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளையை மேடையைவிட்டு இறக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

தலைமையாசிரியரிடம் போனேன். பொறுப்பாசிரியர் சொல்வதே முடிவு என்றார். மெய் லிங்கே வந்து, எனக்குச் சேலையில் நடக்கத் தெரியாது, கஸ்தூரியே செய்யட்டும் என்று கெஞ்சினாள். அவள் பேச்சும் எடுபடவில்லை. "சேலை கட்டத் தெரிஞ்சவ நீதானே, நீயே கட்டி விடு" என்று கஸ்தூரிக்கு வேலை கொடுத்தார்கள்.

விழா அன்று அந்தப் பவுடர் வாசனைக்குள் மண்டியிட்டு, மெய் லிங்குக்குக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தாள் கஸ்தூரி. மெய் லிங் குனிந்து மெதுவாக மன்னிப்புக் கேட்டாள். "ஆடாதலா, ஊக்கு குத்திரும்" என்று மட்டும் சொன்னாள் இவள்.

நான் மண்டபத்துக்குள் போனேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு கை அசைந்தது. கஸ்தூரியின் அம்மா. ஃபேக்டரி சட்டையோடு.

"ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டு ஓடியாந்தேன் டீச்சர். ஆரம்பிக்கல இல்ல?"

மகள் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் திரை விலகிவிட்டது.

முறுக்குத் தட்டோடு தமிழ் அக்கா பேசாமல் நடந்து வந்தாள். அரக்குச் சேலை விளக்கொளியில் மின்னியது. அந்தத் தூரத்தில் முகம் வெறும் பவுடர்தான்.

"அந்தா வந்துட்டா!" என் கையைப் பிடித்துக்கொண்டார் அம்மா. "ஏன் டீச்சர், பவுடர் போட்டா எம்மவ இம்புட்டு வெள்ளையா?"

கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரிடமும் "எம்மவ" என்றார்.

பிறகு மெய் லிங் வாயைத் திறந்து முதல் வசனத்தைச் சொன்னாள்.

தட்டிய கை அப்படியே நின்றது.

"இது அவ குரல் இல்லியே..."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து போகவில்லை. நாடகம் முடிந்து, டத்தோ மேடையேறி, மூன்று அக்காக்களோடு போட்டோ எடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். "சேலைய வாங்கிட்டுப் போயிடறேன் டீச்சர்" என்றார்.

மேடைக்குப் பின்னால் கஸ்தூரி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கை நின்றது.

"சேலை நல்லா தெரிஞ்சிச்சாம்மா?"

"தெரிஞ்சிச்சு."

சேலையின் தோள் பக்கம் பவுடர் வெள்ளையாக அப்பியிருந்தது. அம்மா அதைக் கையால் தட்டினார். போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்...

அதற்குப் பிறகு வகுப்பில் கஸ்தூரி வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும். முன் வரிசைக்குக்கூட எட்டாது.

போன மாதம் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் "டீச்சர்" என்று ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கஸ்தூரி. லேசாக நரைத்திருந்தது. மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாளாம், பள்ளி நாடகத்தில் அவள்தான் ராஜகுமாரியாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! போனை நீட்டினாள். கிரீடம் வைத்த ஒரு பிள்ளை. பால் மாதிரி முகம், கூர் மோவாய்.

"யாரும்மா இது?" என்றேன்.

"எம்மவதான் டீச்சர்." சிரித்தாள். "ஃபில்டர்லா. ஸ்கூல்லயே எல்லாத்துக்கும் போட்டுத்தான் அனுப்புறாங்க."

அன்று வேஷம் கொடுக்கவில்லை. இன்று கொடுக்கிறார்கள்... முகத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

கஸ்தூரி வீடியோவைத் தட்டினாள். இன்ஜின் சத்தத்தையும் மீறி ஒரு குரல் எழும்பி வந்தது. எதிர் வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

"சத்தத்தக் கூட்டும்மா" என்றேன். திரையைப் பார்க்காமல், கரை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.