துரைசாணி கடைச் சிவப்புத் துணி

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் ஒரு கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம். "இது பழசு பாட்டி. யாரோ போட்டுட்டு வித்தது. இப்ப இதான் ஃபேஷன்" என்றாள். சித்திரை வெயிலில் கோட்டு போடுகிறவளிடம் என்ன பேசுவது? தொட்டுப் பார்க்கிற சாக்கில் மோந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனை. நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, காப்பி ஆறிப்போனது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கெல்லாம் அது பீரோ வாசனை. எங்களுக்கு அது ஒரு கடையின் வாசனை. சண்டை நடந்த காலம், வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. பூந்தமல்லியில் ஒரு மிஷன் காம்பவுண்டில், ஓடு வேய்ந்த கொட்டகையில், சனிக்கிழமை காலையில் மட்டும் பழந்துணி விற்பார்கள். சீமையிலிருந்து தருமத்துக்கு வந்த மூட்டைகளும், ஊரைவிட்டுப் போகும் துரைமார் வீட்டுத் துணிகளும் அங்கே வரும். வருகிற வரும்படி அனாதை விடுதிக்கு. கடையை நடத்தியது ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்பதால் எங்களுக்கு அது துரைசாணி கடை. அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதோடு சரி. பேசுவது, அதட்டுவது எல்லாம் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாதான்.

கதவு திறப்பதற்கு முன்னால் ஜெபம் உண்டு. வாசலில் நிற்கிற நாங்கள் அத்தனை பேரும் மாரியாத்தா பிள்ளைகள். இருந்தாலும் கை கூப்பி, கண்ணை மூடி நிற்போம். என் அம்மா ஒரு கண்ணைத்தான் மூடுவாள். இன்னொரு கண் ஜன்னல் வழியாக மேசைமேல் இருக்கும். "ஆமென்" என்ற சொல்லில் கடைசி எழுத்து முடிவதற்குள் அம்மா உள்ளே இருப்பாள். காசில்லாதவர்கள் முட்டையோ முருங்கைக்காயோ கொடுத்தும் துணி வாங்கலாம் என்று டீச்சரம்மா விட்டிருந்தாள். எங்கள் கோழி எங்களுக்காக முட்டையிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அங்கே கிடைத்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். தொப்பி, காலில் மாட்டும் கால்மேசு, கழுத்துப்பட்டை, பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் எலும்பு வைத்த ஒரு சமாசாரம். கழுத்துப்பட்டையில் ஆட்டைக் கட்டினோம். கால்மேசுக்குள் விதைக் காராமணி போட்டு வைத்தோம். இடுப்புச் சமாசாரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டு மாமா மண் சுமக்கும்போது முதுகில் கட்டிக்கொண்டார். நன்றாகத் தாங்குகிறது என்று வேறு சொன்னார்.

சிரிப்பு அவ்வளவுதான். துணிப் பஞ்சத்தை நீங்கள் பார்த்ததில்லை. அரிசிப் பஞ்சம் என்றால் கஞ்சி காய்ச்சலாம், கீரை பறிக்கலாம். துணிக்கு என்ன செய்வது? ரேஷன் கார்டு இருந்தது, கடையில் புடவை இல்லை. அம்மாவுக்கு இருந்தது ஒரே புடவை. பாதியைத் துவைத்து, அது காயும்வரை மீதியைச் சுற்றிக்கொண்டு குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பாள். அப்பா ஆவடியில் பட்டாளத்து டிப்போவுக்கு மண் சுமக்கக் கோமணத்தோடு போவார். நான் போட்டிருந்தது யாரோ வெள்ளைக்காரப் பிள்ளையின் கவுன்.

அந்த வருஷம் கன்னியம்மா அக்காவுக்குத் தலைதீபாவளி. ஆனியில்தான் கல்யாணமாகிப் பருத்திப்பட்டுக்குப் போயிருந்தாள். தலைதீபாவளிக்குப் பிறந்த வீடு புதுத்துணி எடுக்க வேண்டும். பழந்துணி ஆகாது, புதுசு வேண்டும். கல்யாணத்தில் நாங்கள் எடுத்த புடவையைச் சம்பந்தியம்மாள் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "தீவாளிக்காவது நல்லதா எடுங்கோ" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு அம்மா தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை தவறாமல் துரைசாணி கடைக்கு அவள் ஓடியது அதற்காகத்தான். பழசுக்குள்ளே எங்கேயாவது ஒரு புதுசு மாட்டாதா என்று.

மாட்டியது. மூட்டைக்கு அடியில் சுருட்டி வைத்த ஒரு சிவப்புத் துணி. நல்ல குங்குமச் சிவப்பு, புடவை நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். யாரோ ஜன்னல் திரைக்கென்று வாங்கித் தைக்காமலே விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஆலை முத்திரை கூட அழியவில்லை. அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, அழுவுறியா?" என்றாள் டீச்சரம்மா.

"இல்லம்மா, கண்ணுல தூசி."

கொண்டுபோன முட்டைகளோடு, முட்டையிடுகிற கோழியையும் அடுத்த வாரம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லித்தான் அதை வாங்கினாள். சொன்னபடி கொடுத்தாள். துணியைத் தகரப் பெட்டியில் வைத்து, எலியும் பூச்சியும் அண்டாமல் இருக்க, கடையிலேயே கொடுத்த பாச்சை உருண்டைகளையும் போட்டு மூடினாள்.

அந்தக் கடையைப்பற்றி ஒரு பேச்சு உண்டு. பட்டாள ஆஸ்பத்திரியில் செத்துப்போன சிப்பாய்களின் துணியைத்தான் அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களும் அங்கேதான் வாங்கினார்கள், அது வேறு விஷயம். ஆனால் சம்பந்தியம்மாள் வாங்கவில்லை. "செத்தவன் துணி என் ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று கறாராகச் சொன்னவள். அதனால் துணி எங்கே வாங்கியது என்று அக்காவுக்குக்கூட அம்மா சொல்லவில்லை.

தீபாவளி வரவில்லை. புரட்டாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பச்சிலை, மந்திரிப்பு எல்லாம் பார்த்தும் இறங்கவில்லை. ஒரு காலையில் பருத்திப்பட்டு ஆள் வந்து வாசலில் நின்றான். அவனைப் பார்த்ததுமே அம்மா தெரிந்துகொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு டிப்போவிலேயே சேதி போய், அங்கிருந்து அப்படியே பருத்திப்பட்டுக்கு ஓடியிருந்தார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போட்டுத்தான் பிணம் எடுப்பார்கள். கோடி என்றால் தண்ணீர் படாத புதுத்துணி. அது விழாமல் போனால் பிறந்த வீடு கைவிட்ட பெண் என்று பேர். அம்மா எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். தலைதீபாவளிக்கு வைத்ததை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவள், பருத்திப்பட்டு ஏரிக்கரை ஏறியதும் திடீரென்று நின்றாள். துணியை முகத்தருகே கொண்டுபோனாள். அந்த வாசனை வேறெந்தத் துணிக்கும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் தெரியாத மூக்கும் கிடையாது.

"செத்தவன் துணின்னு தூக்கிப் போட்டுடுவாளே, என் புள்ள மேல போட உடமாட்டாளே" என்று தனக்குத்தானே சொன்னாள். காற்றில் உதறினாள். மறுபடி மோந்தாள். வாசனை போகவில்லை. ஏரியைப் பார்த்தாள். தண்ணீரில் நனைத்தால் அது கோடி இல்லை. நனைக்காவிட்டால் அதைத் தொடவே மாட்டார்கள். இரண்டும் அம்மாவுக்குத் தெரியும். சரசரவென்று இறங்கித் துணியைத் தண்ணீரில் அமிழ்த்தினாள்.

சாயம் விட்டது. புதுத்துணி அல்லவா? அம்மாவைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. அலச அலசச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. பிழிந்துகொண்டு மேலே வந்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். காற்றில் காயட்டும் என்று அகல விரித்துப் பிடித்தபடியே கரை நெடுக நடந்தோம். எதிரே மாடு ஓட்டி வந்தவன் ஒதுங்கி நின்று கும்பிட்டான். எதை என்று நினைத்துக் கும்பிட்டானோ.

போனபோது எங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். அக்காவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா மடித்த துணியைத் தாம்பாளத்தில் வைத்தாள். பாச்சை உருண்டை வாசனை இல்லை. சம்பந்தியம்மாள் துணியைத் தொடக்கூட இல்லை, அம்மாவின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சிவப்பு.

"இன்னாமே கையி?" என்றாள். பிறகு துணியைத் தொட்டாள். "ஈரமா கீது. தண்ணி பட்ட துணி கோடியா? இத்தப் போட்டா பொண்ணு அம்மணமாத்தான்மே போவும்."

"புதுசு தாயீ. என் வயித்து மேல அடிச்சி சொல்றேன், ஒர்த்தரும் கட்டாத துணி" என்று அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, "எங்க புள்ளைக்கு எங்ககிட்ட கீறது இதான். போடுங்கோ" என்றார். சம்பந்தியம்மாளும் அழுதாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். மருமகள் துணியில்லாமல் மேலுலகம் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்பாள் என்று நிஜமாகவே பயந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். புகுந்த வீட்டுக் கோடியை மட்டும் போட்டு எடுத்தார்கள். எங்களுடையதை மடித்து அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அதை என்ன செய்வது? எரிக்கவோ எறியவோ துணி கிடைத்த காலமில்லை அது. அடுத்த வருஷம் நான் பெரியவளானபோது அம்மா அதை வெளியே எடுத்து, அரிவாள்மணையில் நீளவாக்கில் கிழித்து எனக்குத் தாவணியாகப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய்க் குந்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஊரில் எல்லாரும் நல்ல நிறம் என்றார்கள். வேர்த்தால் என் தோளெல்லாம் சிவக்கும். மாற்றிக்கொள்ள வேறு கிடையாது.

துரைசாணி சீமைக்குப் போனாள், கொட்டகையை இடித்தார்கள், அங்கே இப்போது செல்போன் கடைகள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கம்பி வேலி கட்டி நடைபாதை போட்டிருக்கிறார்களாம். அக்காவைப் புதைத்த மேட்டில் வீடுகள் வந்துவிட்டன. எந்த வீட்டுக்கு அடியில் என்று கேட்க அந்தத் தலைமுறையில் ஒருவரும் மிச்சமில்லை. அக்காவைப் படம் பிடித்து வைத்தவரும் இல்லை. அவள் முகத்தை எவ்வளவு நினைத்தாலும் வரமாட்டேன் என்கிறது. அவளுக்கென்று வாங்கியதை அவள் ஒருநாளும் உடுத்தவில்லை. கிழிந்து நார்நாராகும் வரை நான்தான் உடுத்தினேன்.