வார்னிஷ் காயட்டும், வருகிறேன்

போன வாரம் ஒரு மனிதரைப் பிடித்துத் திட்டிவிட்டேன். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாததுதான் பாக்கி. அவர் செய்த குற்றம்? ஒரே ஒரு வார்த்தை எழுதினார். அவ்வளவுதான்.

அவர் பேக்கர்ஸ் கம்பெனி ஆள். மாற்றலாகிப் போகிற வீடுகளுக்கு முதலில் இப்படி ஒருவர் வருவார். ஃப்ரிட்ஜ் ஒன்று, கட்டில் இரண்டு, வாஷிங் மெஷின் ஒன்று என்று எழுதிக்கொண்டு போவார். இவரும் ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் முடித்துவிட்டு இரண்டாவது பாத்ரூம் கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஷவர் குழாயில் கட்டிய கம்பியில் ஒரு எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்து இல்லை, தந்தி இல்லை. தேன் நிறத்தில் பளபளவென்று உடம்பு மட்டும்.

"இது என்ன மேடம்?" என்றார் இந்தியில்.

"கிடார்."

"மீதி எங்கே?"

"சுவர் அலமாரியில இருக்கு. இன்னும் மாட்டலை."

தலையாட்டிக்கொண்டே எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கிடார் - ஹாஃப்.'

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ! "என்ன ஹாஃப்? யாரு சொன்னது ஹாஃப்னு? அடிங்க அதை! ஒரு கிடார்னு எழுதுங்க!" என்று கத்தினேன். பாவம், மனிதர் மிரண்டுபோய், "மேடம், நான் கண்ணால பாத்ததைத்தானே எழுதறேன்..." என்றார்.

அதுதான் பிரச்னை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசு உத்தியோகம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு ஊர். நான் கூடவே போவேன். போகிற ஊரில் எல்லாம் எதையாவது ஆரம்பிப்பேன். சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் நான். விசாகப்பட்டினத்தில் வீணை... வர்ணம் வரைக்கும் போகவில்லை. நாக்பூரில் கேக் வகுப்பு... ஐசிங் பாடத்துக்கு முந்தின நாள் ஆர்டர் வந்தது. கொச்சியில் நீச்சல். எனக்கு மிதக்கத் தெரியும், முன்னால் போகத் தெரியாது.

கொல்கத்தாவில் கிடார்.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கழுத்து முறிந்த ஒரு எலெக்ட்ரிக் கிடாரையும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரையும் விட்டுவிட்டுப் போனாள். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கிடாரைத் திறந்தேன். உள்ளே என்ன? ரெண்டு காந்தம், சுற்றின கம்பி, நாலு சால்டரிங், ஒரு குமிழ். இவ்வளவுதானா? இதை நானே செய்துவிட மாட்டேனா?

'இவ்வளவுதானா' என்று கேட்பது ஒரு வியாதி. எனக்கு அது சின்ன வயதிலிருந்து இருக்கிறது.

பாலிகஞ்ச் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துக் கதவு, ஜன்னலை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்தேன். "என்ன செய்யப் போறீங்க பௌதி? டேபிளா?" என்று கேட்டார் கடைக்காரர். இந்த ஊரில் முன்பின் தெரியாத பெண்களையும் அண்ணி ஆக்கிவிடுவார்கள். கிடார் என்றேன். "ஓ, பையனுக்கா?" இல்லை, எனக்கு. ஒரு நிமிடம் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆணி இருக்கும், பாத்து அறுங்க" என்றார். நல்ல மனிதர்.

நியூ டவுனில் பதினோராவது மாடி ஃப்ளாட்டில் மரவேலைக்கு எங்கே இடம்? இரண்டாவது பாத்ரூம் பட்டறை ஆயிற்று. மகளின் கிடாரை மரத்தில் வைத்து அவுட்லைன் வரைந்தேன். ரம்பம், டிரில், உப்புத்தாள் என்று நாலு மாதம். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் யாரோ, 'மத்தியானம் இரண்டு மணிக்கு டிரில் போடுவது யார்? மனசாட்சி வேண்டாமா?' என்று போட்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'யெஸ், வெரி டிஸ்டர்பிங்' என்று பதில் போட்டுவிட்டு, டிரில்லை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டேன். என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

கிடார் செய்வதில் வேலை கஷ்டம் இல்லை. காத்திருப்பதுதான் கஷ்டம். இதை எந்த வீடியோவிலும் சரியாகச் சொல்வதில்லை. இரண்டு பலகையைப் பசை போட்டு ஒட்டினால் ஒரு நாள் முழுக்க கிளாம்ப்பில் இறுக்கி வைக்க வேண்டும். நான் ஆறு மணி நேரத்தில் கழற்றிப் பார்த்தேன். நடுவில் வாயைப் பிளந்துகொண்டது. மறுபடி சீவி, மறுபடி ஒட்டி... குக்கர் விசிலுக்கே அடுப்பு முன்னால் நின்று முறைப்பவள் நான். என்னிடம் போய் ஒரு நாள் பொறு என்றால்?

அடுத்தது வார்னிஷ். கார் பெயின்ட் அடிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பூஜோர் போரே பௌதி" என்றார். துர்கா பூஜை முடிந்த பிறகு என்று அர்த்தம். பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறதே ஐயா என்றேன். "அதைத்தான் சொல்றேன். ரெண்டே மாசம்தான் இருக்கு!" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது?

நானே ஸ்ப்ரே கேன் வாங்கி அடித்தேன். வெளியே மழை. கொல்கத்தா மழைக்காலத்துக் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அடித்த அரை மணியில் வார்னிஷ் மோர் ஊற்றின மாதிரி வெளுத்துப்போயிற்று. அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, மழை விட்ட நாளாகப் பார்த்து மறுபடி அடித்தேன். காய்ந்ததா என்று பெருவிரலால் தொட்டுப் பார்த்தேன். ரேகை அப்படியே பதிந்தது. மறுபடி தேய்ப்பு, மறுபடி அடிப்பு. கடைசியில் ஒரு நாள் கண்ணாடி போல அமைந்துவிட்டது. இனி மூன்று வாரம் தொடக் கூடாது. அப்புறம் கழுத்தை மாட்டி, வயரிங் செய்து, தந்தி கட்டினால் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். "கீதா! சென்னை ஆர்டர் வந்துருச்சு! பத்து நாள்ல ஜாயின் பண்ணணும்!"

இருபத்து மூன்று வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த ஊர். சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன். பிறகு பாத்ரூம் பக்கம் திரும்பி, "அப்ப இது?" என்றேன்.

"அதுக்கென்ன, அங்க போய் முடிச்சுக்கலாம்."

எல்லா ஊரிலும் அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். எல்லா ஊரிலும் நானும் தலையாட்டியிருக்கிறேன். அவர் மேல் பழி போடத்தான் ஆசை. ஆனால் இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் ஆர்டர் என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் ஒரு 'அப்பாடா' எழுந்தது. நிஜமாகவே எழுந்தது. இனி வயரிங் செய்ய வேண்டாம். எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டு, சத்தமே வராமல் போய், அசடு வழிய வேண்டாம். 'மாற்றல் மட்டும் வராம இருந்திருந்தா முடிச்சிருப்பேன்' என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ளலாம். வீணை, கேக், நீச்சல் எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

எல்லோரிடமும் இப்படி ஒரு மாற்றல் ஆர்டர் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிலருக்குப் பிள்ளைகளின் பரீட்சை, சிலருக்கு மூட்டு வலி, சிலருக்கு மாமியார். எனக்கு அரசாங்கமே முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறது. அதுதான் வித்தியாசம்.

இந்த யோசனையில் இரண்டு நாள் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேக்கர்ஸ் மனிதர் வந்து ஹாஃப் என்று எழுதினார். திட்டு வாங்கினதோடு விடவில்லை அவர். "கவலைப்படாதீங்க மேடம், பபிள் ராப்ல நாலு சுத்து சுத்திட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். காயாத வார்னிஷில் பபிள் ராப் சுற்றினால் என்ன ஆகும்? அத்தனை குமிழும் அம்மைத் தழும்பு மாதிரி பதிந்துவிடும். துணி சுற்றினாலும் நெசவு பதியும். அதை எங்கும் கொண்டுபோக முடியாது. ஒன்று, அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அதனோடு இருக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "நீங்க முன்னால போங்க. நான் வார்னிஷ் காஞ்சதும் வர்றேன்."

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "சாமானெல்லாம் வெள்ளிக்கிழமை லாரியில ஏறுது. வெறும் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவே?"

"காத்திருப்பேன்."

"நீயா?" என்று கேட்டார். நக்கல்தான். ஆனால் நியாயமான கேள்வி.

"ஒரு கிடாருக்காகவா கீதா?"

"ஆமாங்க. ஒரு கிடாருக்காக." அவர் மறுபடி சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை லாரி கிளம்புகிற நேரத்தில் அதில் ஏறிப் போய் மகளின் ஆம்ப்ளிஃபையரையும் குக்கரையும் இண்டக்‌ஷன் ஸ்டவ்வையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் இறக்கி வைத்தார். வீட்டு ஓனரிடம் பேசி மாதக் கடைசி வரை சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

வெறும் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? தும்மினால் நாலு பக்கமிருந்தும் பதில் வரும். டிவி இல்லை. துடைக்க ஒரு மேஜை இல்லை. இறங்குகிற விமானங்களை எண்ணினேன். மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவேன், விட்டால் திறப்பேன். பாத்ரூம் கதவு வரை போவேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், திரும்பி வருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? கேட்காதீர்கள். விரல் நுனி நமநம என்கிறது. ஒரே ஒரு தொடல்... ஓரத்தில்... யாருக்குத் தெரியப் போகிறது?

நேற்று பொறுக்க முடியவில்லை. காலையில் அவர் போன் செய்தார். "சாமான் வந்துருச்சு. மிக்ஸி எந்தப் பெட்டியிலன்னு தெரியலை. வீடு வெறிச்சுனு இருக்கு" என்றார். வா என்று சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. போனை வைத்துவிட்டு சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். கிடார் அங்கேயே தொங்கட்டும், பிறகு யாரையாவது விட்டு அனுப்பச் சொல்லலாம். யாரை? எப்போது? அதெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. வீட்டைப் பூட்டிப் பெட்டியை உருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். ஆப்பில் கூப்பிட்ட கார் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

லாபியில் மிதாலிதி. 'தி' என்றால் அக்கா. பத்தாவது மாடி, எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே. ஸ்கூல் டீச்சர். என் பெட்டியைப் பார்த்தார்.

"கீதா, ஹோயே கேச்சே?" முடிந்துவிட்டதா என்கிறார்.

"எது?" என்றேன்.

"கிடார்! வேற எது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே! நாலு மாசமா என் தலைக்கு மேல ரம்பம் ஓடுது. கிடார் தந்தின்னு கொட்டை எழுத்துல போட்ட பார்சல் வாட்ச்மேன் மேஜையில ரெண்டு நாள் கிடக்குது. இந்த டவர்ல யாருக்குத் தெரியாது?" இந்தியும் வங்காளமுமாகப் பொரிந்தார். "அதுல நீ வேற குரூப்புல வந்து 'வெரி டிஸ்டர்பிங்'!"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"என் பொண்ணு அந்தச் சத்தத்துலதான் என்ட்ரன்ஸுக்குப் படிச்சா. காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள். ஒரு நாளாவது மேல வந்து சண்டை போட்டேனா? ஒரு நாள் முடிப்பா, கேக்கலாம்னுதான் இருந்தோம். சொல்லு, முடிஞ்சுதா இல்லையா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்வதற்குள் என் கண் நிறைந்துவிட்டது. "இன்னும் காயலை மிதாலிதி" என்றேன்.

"காயலைன்னா எங்கே கிளம்பிட்டே?"

கேள்வி அவ்வளவு எளிமையானது. டிரைவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, பெட்டியோடு திரும்பி வந்தேன். லிஃப்டில் மிதாலிதியும் கூட ஏறினார். ராத்திரி சாப்பாடு தன் வீட்டில்தான் என்று முடிவு செய்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே சொல்லு, டவர் முழுக்கக் கூப்பிடணும். ஒரு மணி நேரமாவது நீ வாசிக்கணும், சும்மா விட மாட்டேன்" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

இதை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையும் டைப் செய்கிற வரைக்கும் வார்னிஷுக்கு ஆபத்து இல்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாது என்பதை யாராவது மிதாலிதியிடம் பக்குவமாகச் சொல்லுங்களேன்.