கெட்டிமேளத்துக்கு ஒரு கேமரா போதாது

ஆஷாவுக்குப் பயம் என்பது தொழிலோடு சேர்ந்து வந்த சாமான். பையில் கேமராவுக்கு ஓர் அறை, லென்ஸுக்கு ஓர் அறை, மீதி இடமெல்லாம் பயத்துக்கு. பேட்டரி நிறைந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பமாட்டாள். கழற்றி, மாட்டி, இன்னொரு தரம் பார்ப்பாள். ஸ்கூட்டரைக் கிளப்பிச் சேலையூர் தாண்டியதும், மெமரி கார்டை எடுத்து வைத்தோமா என்று ஓரங்கட்டிப் பையைத் திறக்காத நாள் கிடையாது. கார்டு இருக்கும். மறுநாளும் அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக நிம்மதியாக இருந்தவள் எதற்காக வேலையை விட்டுவிட்டு இப்படி அல்லாடுகிறாள் என்று அவள் அம்மா ரத்தினபாய் கேட்காத நாளில்லை.

ஆனால் வேலை சுத்தம். அந்த மாதம் முடிச்சூரில் ஒரு பச்சைக் குழந்தையை எடுக்கப் போனாள். குழந்தைகளுக்கு அவள் ஃபிளாஷ் போடுவதில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினாள். வேட்டியில் வடிகட்டிய வெயில் மெதுவாக உள்ளே இறங்கியது. எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டை ஒன்றை நிறுத்தியதும் மறுகன்னத்தில் இருந்த இருட்டும் விலகியது. நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து எடுக்க வேண்டும். கேமரா கைநழுவிக் குழந்தைமேல் விழுந்துவிட்டால்? வாரைக் கழுத்தில் மாட்டி, மணிக்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. படம் பிரமாதமாக வந்தது. வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஆஷாவுக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்வை.

அடுத்து பல்லாவரத்தில் ஒரு தோல்பை வியாபாரிக்குப் படம். பாலிஷ் போட்ட கறுப்புத் தோலுக்கு நேராக விளக்கைக் காட்டினால் பை தெரியாது, விளக்குதான் தெரியும். அதனால் விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுத்தாள். தையல் தெரிவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு. பிறகு செம்பாக்கம் ஏரிக்கரையில், நிச்சயமான ஒரு ஜோடி. மாலை வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அப்படி எடுத்தால் தலைமுடி தங்கமாக மின்னும், முகம் கரியாகிவிடும். வானம் வெளுத்தாலும் போகட்டும் என்று முகத்துக்கு மட்டும் வெளிச்சம் அளந்து எடுத்துக் கொடுத்தாள்.

இதெல்லாம் தப்பிப்போனால் திரும்ப எடுக்கக்கூடிய வேலைகள். கல்யாணம் அப்படியில்லை. அதிலும் மாலை மாற்றுவதை, மோதிரம் போடுவதை, ஊஞ்சலை எல்லாம் இன்னொரு தரம் செய்யச் சொல்லலாம்; சொன்னால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். தாலியை அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள் என்று மட்டும் எந்தப் போட்டோகிராபரும் வாயைத் திறக்க முடியாது. அந்த ஒரு நிமிஷம் போனால் போனதுதான்.

அந்த நிமிஷத்தைத்தான் விஷ்ணுப்ரியா இரண்டாகப் பிரித்துக் கேட்டாள். கல்யாணப் பெண். கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கன்னிகாதானம் செய்து கொடுக்கப்போவது பெரியப்பா சுந்தரராமனும் பெரியம்மாவும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் ஆஷாவைத் தனியாகப் பார்க்க வந்தாள்.

"அக்கா, தாலி கட்டறப்ப நீங்க எங்க அம்மாவ எடுக்கணும்."

"அம்மா மேடையிலதானே இருப்பாங்க?"

"இருக்கமாட்டா. அப்பா போனதுலேர்ந்து எந்தக் கல்யாணத்துலயும் முன்னால வர்றதில்ல. வராதேன்னு யாரும் சொல்லல, அவளேதான். என் கல்யாணத்துலயும் ரூம் கதவுகிட்ட போய் நின்னுப்பா. எல்லாரும் என்னைப் பாத்துண்டிருப்பா, அவள ஒருத்தரும் பாக்கமாட்டா. எனக்கு அந்தப் படம் வேணும்க்கா."

"அப்ப தாலி கட்டற படம்?"

"அதுவும்தான். ரெண்டையும் எடுத்துடுங்களேன், ப்ளீஸ்."

ஆஷா சரி என்று தலையாட்டிவிட்டாள். இரண்டாவது கேமராவுக்கு ஜேசன் இருக்கிறானே என்ற தைரியம். கல்யாணங்களுக்கு எப்போதும் அவளோடு வருபவன் அவன்தான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜேசன் போன் பண்ணினான். குரலைக் கேட்டதுமே ஆஷாவுக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல். எழுந்து உட்கார முடியவில்லை. தெரிந்த போட்டோகிராபர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். நல்ல முகூர்த்த நாள், எல்லாரும் ஏதோ ஒரு மண்டபத்தில் இருந்தார்கள். வீடியோக்காரராவது உண்டா என்றால் அதுவும் இல்லை. வீடியோவை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், போட்டோ போதும் என்று பெரியப்பா முன்பே முடிவு செய்துவிட்டார்.

கல்யாணத்தன்று மேற்குத் தாம்பரம் மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஒரு யோசனை வைத்திருந்தாள். மேடையின் வலது ஓரத்தில் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மணப்பெண் உட்காரும் இடத்துக்குக் குறிவைத்து ஃபோகஸைப் பூட்டினாள். தன் கையிலிருந்த கேமராவின் தலையில் ஒரு ரிமோட்டை மாட்டினாள். இவள் இங்கே பட்டனை அழுத்தினால் அதே நொடியில் மேடையில் இருப்பதும் எடுக்கும். ஆள் ஒருத்தி, கண் ஒன்று, கேமரா இரண்டு. பலமுறை அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

பிறகு கதவு. மணமகள் அறையின் கதவு மேடையின் வலது பக்கச் சுவரில் இருந்தது. அறைக்குள் ஜன்னல் திறந்திருந்ததால் கதவருகில் நிற்பவர் முகம் ஏரிக்கரை ஜோடியைப் போலக் கறுத்துப்போகும். காபி கொண்டுவந்த பெண்மணியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி அளந்து பார்த்தாள். ஜன்னலைச் சாத்தி, உள்ளே எரிந்த டியூப்லைட்டையும் அணைத்ததும் ஹால் வெளிச்சம் முகத்தில் வந்து உட்கார்ந்தது. மேடைக்குக் கீழே ஒரு தூணோரம் தனக்கு இடம் பார்த்துக்கொண்டாள். அங்கிருந்து நீள லென்ஸில் கதவு முழுதாகக் கிடைத்தது.

சுந்தரராமன் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"ஏம்மா, எது போனாலும் தாலி கட்டறது மட்டும் தப்பக் கூடாது. உன்னை நம்பித்தான் வீடியோவே வேண்டாம்னேன்."

"எடுத்துடுவேன் சார். இந்த ஸ்டாண்டுக்கு முன்னால மட்டும் யாரும் வராம பாத்துக்கணும்."

"நான் சொல்லிடறேன்."

சொன்னாரோ இல்லையோ, யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. சுந்தரராமன் மேடையில் உட்கார்ந்து விஷ்ணுப்ரியாவை மடியில் வைத்துக்கொண்டார். அட்சதைத் தட்டு வரிசை வரிசையாகப் போனது. ஆஷா லென்ஸைக் கதவுப் பக்கம் திருப்பினாள். கதவருகில் யாரும் இல்லை. விஷ்ணுப்ரியாவின் அம்மா சந்திரிகா மாமி வராமலே போய்விட்டால்? சமையல்கட்டுப் பக்கம் போயிருந்தால்? பிறகு மெரூன் புடவையின் முந்தானை கொஞ்சம் தெரிந்தது. மாமி கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று வாத்தியார் விரலை ஆட்டினார். நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தைத் தூக்கின. ஆஷா ஓரக்கண்ணால் மேடையைப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். பெரியப்பாவின் பிள்ளை அனிருத், அமெரிக்காவிலிருந்து லீவு போட்டு வந்தவன், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து நின்றான். நாலு எட்டில் மேடைக்கு ஓடி அவனை நகர்த்திவிடலாம். ஓடினால் கதவு போச்சு. நின்றால் தாலி போச்சு. கால் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது.

அப்போது சந்திரிகா மாமி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். ஆஷாவின் கால் நின்றது. மாமியின் வலது கை மூடியிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மேடையை நிமிர்ந்து பார்த்து, கையை உயர்த்தி விரித்தார். மஞ்சள் அட்சதை. தட்டு அவரிடம் போகவேயில்லை. எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ. அரிசி மேடைவரை போகவில்லை, அவர் எதிரிலேயே விழுந்தது. ஆஷா விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மேளம் ஓய்ந்ததும் மேடைக் கேமராவைக் கழற்றிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் அனிருத்தின் முழங்கை. மாப்பிள்ளையின் கை, தாலி, முடிச்சு எல்லாம் அந்த முழங்கைக்கும் பட்டுச் சட்டைக்கும் பின்னால் போயிருந்தன. தாலியின் ஒரு நுனியாவது சிக்காதா என்று பெரிதாக்கித் தேடினாள். முழங்கைக்குக் கீழிருந்த இடுக்கில் விஷ்ணுப்ரியாவின் முகம் மட்டும் இருந்தது. அதுவும் தலைகுனியாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு. இனி இந்த ஏரியாவில் கல்யாண வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா?

"ஏம்மா, தாலி கட்டற படத்தக் காட்டு, எல்லாரும் குரூப்ல கேக்கறா" என்று மேடையிலிருந்து சுந்தரராமனின் குரல். "இதோ வரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஆஷா எதிர்த்திசையில் நடந்தாள். உலகத்தில் உள்ள எல்லாப் பயந்தாங்கொள்ளிகளும் செய்வது அதுதான்.

அறைக் கதவருகில் ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. சந்திரிகா மாமி.

"நீ என்னை எடுத்தியோ?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "எடுத்தேன் ஆன்ட்டி."

"நான் அட்சதை போட்டது வந்திருக்கா?"

"வந்திருக்கு."

மாமி கதவைச் சாத்தினார். "அத அழிச்சுடும்மா. தயவு பண்ணி அழிச்சுடு."

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க ஆன்ட்டி. இந்தக் காலத்துல..."

"மத்தவா சொல்றது கிடக்கட்டும். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, என் கைபட்டதாலதான்னு நானே சொல்லிப்பேன். எனக்குக் கை நிக்கல, போட்டுட்டேன். போடாம இருந்திருக்கணும். நல்லவேளை ஒருத்தரும் பாக்கல. நீ ஒருத்திதான் பாத்தே, நீ அழிச்சுட்டா தீந்துபோச்சு."

அவர் கேட்டபடி அழித்தால் பெண்ணுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. அழிக்காவிட்டால் இந்த அம்மாளுக்கு நாளைமுதல் தூக்கம் இல்லை. ஆஷா படத்தைத் திரையில் எடுத்தாள். உயர்ந்த கை, காற்றில் அரிசி. மற்றொரு தோளில் தொங்கிய மேடைக் கேமராவின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முழங்கை, அதன் கீழே விஷ்ணுப்ரியாவின் கண்கள். அந்தக் கண்கள் கேமராவைத் தாண்டி வலது பக்கம் போயிருந்தன. வலது பக்கம் இந்தக் கதவுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே பட்டனில், ஒரே நொடியில் எடுத்த படங்கள்.

ஆஷா இரண்டு கேமராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். ரிமோட் விஷயத்தை மாமிக்குச் சொன்னாள்.

"இது நீங்க அட்சதை போடறது. இது அதே நேரத்துல மேடையில எடுத்தது. நான் மட்டும் பாக்கல ஆன்ட்டி. அவ பாத்துட்டா."

மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இந்தத் திரையைப் பார்த்தார், அந்தத் திரையைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

"தலைய குனிஞ்சுக்கோடின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்," என்றார். "தாலி கட்டறப்ப எங்க பாக்கறா பாரு."

கதவைத் தள்ளிக்கொண்டு சுந்தரராமன் வந்தார். "எங்கம்மா போயிட்டே? ஒரு படம் காட்ட இவ்வளவு நேரமா?"

ஆஷா வாயைத் திறந்தாள். அதற்குள் சந்திரிகா மாமி தன் படம் இருந்த கேமராவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"தாலி கட்டற படம் இல்லண்ணா. அந்த நேரத்துல இந்தப் பொண்ணு என்னை எடுத்திருக்கா," என்று திரையை அவர் பக்கம் திருப்பினார். "பாருங்கோ. நானும் அட்சதை போட்டேன்."