ஜெஸ்ஸின் பல்

நோலீன் ஹிஸ்லாப்புக்குக் கோபம் வராத நாள் இருந்தால், அன்று அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று அர்த்தம். ஐம்பத்தாறு வயது. பதினேழு வயதில் ஆடு ஓட்ட வந்தவள், இன்றுவரை சவுத்லாந்தின் மலைகளிலிருந்து அடுத்தவர்களின் ஆடுகளைக் கீழே இறக்கிக் கொடுத்தே பிழைக்கிறாள். கட்டிய கணவன் அவள் சத்தம் தாங்காமல் டனீடன் நகரத்துக்கே போய்விட்டான். நாய்கள்தான் கூடவே இருந்தன.

அந்த மலைகளில் இரண்டு வகை நாய்கள். ஒன்று சத்தமே போடாது, கண்ணாலேயே ஆட்டை நிறுத்திவிடும். இன்னொன்று குரைத்தே மந்தையை நகர்த்தும். அவளுடைய ஜெஸ் இரண்டாவது வகை. ஒன்பது வயதிலும் அது குரைத்தால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்து ஆடு தலை தூக்கும். குரல்தான் அதன் பிழைப்பு.

வந்தது வினை. பக்கத்து நிலத்தை வாங்கிக்கொண்டு நகரத்திலிருந்து வந்த வாரன் பெக், ஜெஸ் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியதாகக் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை நாய் விசாரணைக்கு ரேவி என்ற அதிகாரி வந்தான். கூடவே பெக்கும்.

"கடிச்சுதா?" நோலீன் எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

"கடிக்கல. ஆடுங்க என் செடியை மேய்ஞ்சுது, நான் சத்தம் போட்டேன். உடனே அத்தனை பல்லையும் காட்டுச்சு. அடுத்தது கடிதானே?"

"நாயைப் படத்துலதான் பாத்திருக்கியா? அது கெஞ்சுச்சுய்யா! நீ கத்துனே, அது 'அடிக்காதே'ன்னு இளிச்சுது! முறைக்கிற நாய்க்கு மூக்கு சுருங்கும், உடம்பு விறைக்கும். இது தரையோட ஒட்டிட்டு, காதை மடக்கிட்டு இருந்திருக்கும். அதை எங்க பாத்தே நீ?"

"நோலீன், கோபப்படாதீங்க," என்றான் ரேவி. "மிரட்டுற நாய்னு முடிவாச்சுன்னா ரோட்டுல வாயை மூடுற வாய்க்கூடை போட்டுத்தான் ஓட்டணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? குரைச்சுப் பிழைக்கிற நாய்க்கு வாய்க்கூடையா? பாட்டுக்காரன் வாயில துணியை அடைச்சிட்டுப் பாடச் சொல்லு! அதுக்குப் பதிலா சுட்டுப் போட்டுட்டுப் போ!"

"பாருங்க, பாருங்க!" என்று பெக் விரலை நீட்டினான்.

நோலீன் திரும்பினாள். காலடியில் ஜெஸ் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்கள் எல்லாம் தெரிய நின்றது. ரேவி ஒரு அடி பின்வாங்கிக் காகிதத்தில் எதையோ எழுதினான்.

"எழுதாதே!" என்று அலறினாள். ஜெஸ்ஸின் உதடு இன்னும் மேலே ஏறியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜெஸ் பெக்கைப் பார்க்கவே இல்லை. அதன் கண் அவள்மேல் இருந்தது. கெஞ்சுவது அவளிடம். ஊரில் யார் வீட்டு நாய் வாலை எப்படி வைத்தாலும் அர்த்தம் சொல்பவள், இதைப் படிக்கத் தவறியிருந்தாள்.

வாயை மூடினாள். சேற்றிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக மூச்சு விட்டாள்.

உதடு இறங்கியது. ஜெஸ் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் முகவாயை வைத்தது.

"ரேவி," என்றாள், ஆட்டுக்குட்டியிடம் பேசும் குரலில். "இப்ப நீ ஒரு அதட்டு அதட்டு."

"ஏய்!" என்றான் ரேவி.

ஜெஸ் மறுபடி பல்லைக் காட்டியது. ஆனால் காதை மடக்கி, கண்ணைச் சுருக்கி, தாழ்ந்த வாலை ஆட்டியபடி வயிறு தரையில் உரச அவனிடம் ஊர்ந்து போய், காலடியில் மல்லாந்தது. ரேவி குனிந்து வயிற்றைத் தடவினான். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, "வாய்க்கூடை வேண்டாம்," என்றான்.

பெக் விடவில்லை. "ஆக, அது பயப்படறது என்னைப் பாத்து இல்ல. உங்களைப் பாத்துதான்."

நோலீனின் நாக்கு நுனிக்கு இருபது வசவுகள் வந்தன. ஜெஸ்ஸின் காது பின்னால் போவது தெரிந்தது. அவள் எழுந்தாள், ஜெஸ்ஸை முற்றத்துக் கூண்டில் விட்டாள், வாசலில் நின்ற தன் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினாள். பிறகு ஸ்டீயரிங்கைக் குத்திக் குத்தி அந்த இருபதையும் கத்தித் தீர்த்தாள்.

கண்ணாடி வழியே கூண்டைப் பார்த்தாள். ஜெஸ் பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது.