பொறி பறக்காத பேட்டரி

எங்கள் ஊர் ரிக் லாரி போகாத மாநிலம் இந்த நாட்டில் கிடையாது. திருச்செங்கோட்டில் யாரைக் கேட்டாலும் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் தை மாதம் கிளம்பினால் மழைக்குத்தான் ஊர் திரும்பும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் காலம் பூராவும் ஓடினார். தெலுங்கு பேசுவார், மராத்தி பேசுவார், இந்தியில் சண்டையே போடுவார். அவருக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து அனுப்பிய நான் பார்த்த வெளியூர் பழனி, திருப்பதி, அப்புறம் சேலத்தில் சர்க்கரை டாக்டரின் கிளினிக். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வரட்டுமே, வராமல் எப்படி இருக்கும்?

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய மஞ்சள் வேன் ஒன்றை வாங்கினேன். அவர் உயிரோடிருந்தபோது பட்டறைக் காலி இடத்தில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார், லைசென்ஸும் இருந்தது. சீட்டெல்லாம் பிடுங்கிப் போட்டு, லாரிக்கு பாடி கட்டுகிறவர்களிடமே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, துணி வைக்கிற பெட்டி என்று கட்டி வாங்கினேன். எங்கே போகப் போகிறாய் என்று கேட்காதவர் இல்லை. ராய்ச்சூர் பக்கம் என்பேன், நர்மதைக் கரை என்பேன், வாயில் வந்த ஊரையெல்லாம் சொல்வேன். எங்கேயாவது போகவேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் போகும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் என் வாயை அடைக்க எல்லோரிடமும் ஒரு ஆயுதம் இருந்தது. இன்சுலின். தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவள் நான். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே கிடந்தால் அது மருந்தாக இருக்காது. "ஃப்ரிட்ஜத் தலையில தூக்கிட்டா போவ?" என்று அண்ணன் சிரிப்பார். பெங்களூரில் இருக்கும் என் மகன் போனில், "அம்மா, உன் சுகருக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா" என்பான். என் சர்க்கரை மேல் இவர்களுக்கு இருந்த அக்கறை, நான் வீட்டுக்குள் இருந்தவரை எங்கே போயிருந்ததோ.

வண்டியில் ஓடுகிற குட்டி ஃப்ரிட்ஜ் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வாங்கிவிட்டேன். தையல் மெஷின் பெட்டி அளவுதான் இருக்கும். மருந்தும் ரெண்டு பால் பாக்கெட்டும் கொள்ளும், எனக்குப் போதும். வண்டி நிற்கும்போதும் அது ஓட வேண்டும். வேனின் சொந்த பேட்டரியை அதற்குக் கொடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது. ஆக, தனியாக இரண்டாவது பேட்டரி ஒன்று வேண்டும். இங்கேதான் அண்ணன் உள்ளே வந்தார்.

அண்ணனுக்கு சொந்தமாக ரிக் லாரிகள் உண்டு. பேட்டரி விஷயத்தில் அவர் சொல்வதே எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பேட்டரியைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஸ்பேனரை எடுத்து இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு தொடு தொட்டு எடுப்பார்கள். பொறி பறக்கும். எவ்வளவு பெரிய பொறியோ அவ்வளவு நல்ல பேட்டரி. பறக்கிற பொறியைப் பார்த்துச் சுற்றி நிற்கிறவர்கள் ஓரடி பின்னால் போனால் பேரம் முடிந்தது. செய்யக்கூடாத காரியம், ஆனால் செய்யாத பட்டறை இல்லை. அண்ணன் ஒரு லாரி பேட்டரியை ஆள் வைத்துத் தூக்கி வந்து, என் வாசலில் வைத்து, ஸ்பேனரால் தொட்டார். பளீரென்று பறந்தது.

"ரிக்கு எஞ்சினையே எழுப்பற பேட்டரி அம்முணி. உன்ற குட்டிப் பொட்டிய ஓட்டாதா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதையே கட்டிக்கொண்டு சங்ககிரி, எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்குப் போனேன். காவிரி அங்கே கடல் மாதிரி விரிந்து கிடக்கும். புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, மீன் குழம்பு வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்படியொரு சாப்பாட்டை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. யாருக்கும் பரிமாற வேண்டியதில்லாத சாப்பாடு. பேட்டரி காலியாகும்வரை இருந்துவிட்டு வீடு வந்து சார்ஜ் போட்டேன். அடுத்த முறை போனபோது மதியத்துக்கு முன்பே ஃப்ரிட்ஜின் விளக்கு அணைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. பால் எடுக்கத் திறந்தால் உள்ளே அனல் அடித்தது. மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சமைத்ததைக்கூடத் தொடாமல் வண்டியைத் திருப்பினேன். எடப்பாடி தாண்டும்போது அழுகை வந்தது. ஊர் பூராவும் ஓடுகிற தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் காத்திருந்தார். பேட்டரி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சரியில்லை என்பதுபோல ஆரம்பித்தார்.

"போனாப் போகுது உடு சாமி. வேன வித்துப்போடலாம். நாமக்கல்லுல ஒருத்தர் முட்டை ஏத்தறதுக்கு வேன் பாத்துட்டிருக்காரு. வெள்ளிக்கெழம கூட்டிட்டு வாரேன்."

"என்னைக் கேக்காமயாங்கண்ணா?"

"உன்ற நல்லதுக்குத்தான சொல்றேன். பையனும் அதான் சொல்றான்."

என் கட்டில் கிடக்கிற இடத்தில் முட்டை அட்டை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மகன் போனில் வந்து, "மாமா சொல்றதக் கேளும்மா" என்றான். வைடா போனை என்றேன்.

அன்றைக்கு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத காலத்தில் மணிக்கணக்கில் ஃபேன் ஓட்டிய பேட்டரி அது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தீர்ந்தாலும் மறுபடி நிரம்பிக்கொள்ளும். அண்ணனின் லாரி பேட்டரி மட்டும் ஏன் இரண்டே தடவையில் படுத்தது? போனில் தேடிப் படித்தேன். புரியாததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் விஷயம் சின்னதுதான். லாரி பேட்டரி கல்யாண வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் அண்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிற ஆள். இஞ்சின் ஓடத் தொடங்கினால் அதற்கு உடனே தீனி வந்துவிடும். எனக்கு வேண்டியது தினமும் மூன்று வேளை அடுப்படியில் நிற்கிற ஆள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடிமட்டம் வரை காலியாகி, மறுநாள் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். டீப் சைக்கிள் என்கிறார்கள். இந்த வேலையை ஆயுசு பூராவும் பார்த்தவள் நான். எனக்கே இது தெரியாமல் போனதுதான் கொடுமை.

அடுத்த நாளே பஸ் ஏறி சேலம் போனேன். அஸ்தம்பட்டியில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

"சார் வரலீங்களாம்மா?"

"எந்த சாருங்க?"

"இல்லீங்க, வண்டியப் பத்தித் தெரிஞ்சவங்க இருந்தா சொல்றதுக்குச் சுளுவா இருக்கும்..."

"வண்டி என்னுதுங்க. ஃப்ரிட்ஜ் என்னுது. சுகரும் என்னுதுதான். இதுல சார் எங்கிருந்து வாராரு? எங்கிட்டயே சொல்லுங்க."

அவர் அதற்கப்புறம் ஒழுங்காகச் சொன்னார். மனுஷர் கெட்டவர் இல்லை, பழக்கம் அப்படி. மூன்று வகை காட்டினார். ஒன்று வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற உயரமான பேட்டரி. உழைக்கும். ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வாயு கிளம்பும், பூட்டிய வண்டிக்குள் அதன் பக்கத்தில் படுக்கக்கூடாது. இரண்டாவது, தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய வகை. பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கிழடாகிவிடும். மூன்றாவது லித்தியம். முக்கால்வாசிக்கு மேல் காலி செய்தாலும் முகம் சுளிக்காது. வெக்கை படாமல், இஞ்சினுக்குத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் பதறினார். "ஏனுங்கம்மா, அதுக்கு ஆள் இருக்குதுங்க, நீங்க எதுக்குத் தூக்கறீங்க?" உயரமானது அசையவே இல்லை. மூடியது தரையை விட்டுக் கிளம்பியதும் இடுப்பு பிடித்தது. லித்தியத்தைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் ஒரு நடை நடந்தேன். எங்கேயோ தெரியாத ஊரில் இதைக் கழற்றி மாட்ட வேண்டி வந்தால் எந்த ஆம்பிளையையும் கூப்பிடக்கூடாது. எனக்கு அதுதான் முதல் கணக்கு. இதையே கொடுங்கள் என்றேன். கூரைக்கு ஒரு சோலார் பலகையும் சேர்த்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே வெயிலில் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

"ஒண்ணே ஒண்ணு நெனப்புல வெச்சுக்குங்க," என்றார். "ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டீட்டா, உள்ள இருக்கற காவல் போர்டு பேட்டரிய அமத்திப்போடும். செத்துப்போச்சுன்னு பயந்துக்காதீங்க. வயரக் கழட்டிட்டு சார்ஜர்ல போட்டா எந்திரிச்சிரும்."

பேட்டரியையும் பலகையையும் நானே மாட்டினேன். வியாழக்கிழமை வரை வாசலிலேயே நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓட்டினேன். முதலில் தண்ணீர் பாட்டில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் புது மருந்தை உள்ளே வைத்தேன். ஒரு முறைகூட விளக்கு அணையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் முட்டைக்காரரோடு வந்து இறங்கினார். முட்டைக்காரர் வேனைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். விற்பதாக நான் சொல்லவில்லை என்றேன். அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தவர் புது பேட்டரியைப் பார்த்துவிட்டார்.

"என்ன அம்முணி இது, டிபன் கேரியராட்ட இருக்குது? இதுல என்ன கரண்ட் இருக்கப் போகுது?"

"அதைத் தொடாதீங்கண்ணா."

சொல்லி முடிப்பதற்குள் டிக்கியில் கிடந்த ஸ்பேனர் அவர் கைக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம், கை கேட்குமா? குறுக்கே தொட்டார். சின்னதாக ஒரு டிக் சத்தம். பொறி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டார், அதுவும் இல்லை. ஃப்ரிட்ஜின் விளக்கு அணைந்தது.

அண்ணன் நிமிர்ந்து முட்டைக்காரரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"செத்த பேட்டரியக் கட்டி உட்டுட்டாங்க சாமி. சேலத்துக்காரங்க ஏமாத்திப்போட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இப்படி ஆகுமா? இவருக்கே குடுத்துரு."

கடைக்காரர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். உண்மையிலேயே போயிருந்தால்? இன்னொன்று வாங்க மறுபடி இத்தனை பேரோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பு இருக்குமா? உள்ளே மருந்து இருக்கிறது. நான் அண்ணனின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினேன். அதே ஸ்பேனரால் வயரைக் கழற்றினேன். வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்து வந்து சார்ஜரை மாட்டினேன். இரண்டு ஆண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சார்ஜ் ஏறுகிறது என்று சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜரை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் வயரைத் திரும்ப முடுக்கினேன்.

ஃப்ரிட்ஜ் ஒரு உறுமு உறுமி ஓடத் தொடங்கியது. பச்சை விளக்கு வந்தது.

"அது சாவலீங்கண்ணா," என்றேன். "நீங்க போட்ட அடியில வாய மூடிக்கிச்சு. கைய எடுத்தீங்கன்னா அது பாட்டுக்கு வேலை செய்யும்."

அண்ணன் என் முகத்தையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேட்டரியை மட்டும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும் என்றுதான் சொன்னேன். முட்டைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எந்தக் கடையிலீங்க வாங்குனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் டயரை உதைத்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு அப்பால் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குக் கிளம்புவதாக நான் நினைத்திருக்கவே இல்லை. ஆனால் துணி பெட்டியில் இருந்தது, அரிசி இருந்தது, மருந்து குளிர்ச்சியாக இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணன் கையில் கொடுத்தேன். ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எங்கே போகிறாய் என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எப்ப அம்முணி வருவ?"

"பேட்டரி தீர்ந்ததும் வாரேனுங்கண்ணா."

"எப்பத் தீரும்?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கூரையில் இருந்த சோலார் பலகை மேல் சித்திரை வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் வண்டியை எடுத்துவிட்டேன்.